மூலையில் ஒரு டிக்

அக்கா மவுஸைப் பிடித்திருந்த விதமே, விட்டால் ஓடிவிடும் என்பதுபோல இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. புது வடிவமைப்பைச் சோதிக்க வீட்டிலிருந்து ஒருவரை, சொந்த மடிக்கணினியோடு, அழைத்துவருவது சின்னவளின் அலுவலக வழக்கம். வந்தவர் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது.

ஒரு வாரமாக இழுபறி. ஒலிப்பதிவு மென்பொருளின் புதுப் பதிப்பை நிறுவும்போது பழைய பதிவுகளை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? அதைக் கேட்கத் தனிப் பக்கம் வேண்டும் என்றாள் சின்னவள்.

"இன்னொரு பக்கமா? ஜனங்க பாதியிலயே மூடிட்டுப் போயிடுவாங்கம்மா. பழசெல்லாம் இடத்த அடைக்குது வேற" என்றார் மேலாளர்.

அவர் இஷ்டப்படி கடைசிப் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம்: 'பழைய பதிவுகளை நீக்கு'. அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். சோதிப்பவர் அதைக் கவனிக்காமல் போனால் சின்னவள் கட்சி ஜெயிக்கும். அதற்கு அக்காவை விட்டால் ஆள் ஏது? மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைக்கூடப் படிக்காதவள்.

"இப்ப 'அடுத்து' அழுத்தறேன்" என்று அக்கா பாடம் ஒப்பித்தாள். "மறுபடியும் 'அடுத்து'. இங்க என்னமோ எழுதியிருக்கு, படிக்கல. இது முடிஞ்சா அவர் குரல் இன்னும் தெளிவா கேக்குமாம், தங்கச்சி சொன்னா."

நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் அத்தான் இந்த மடிக்கணினியில்தான் பேசிப் பேசிப் பதிந்துவைத்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் என்ன செய்வது, நடுநடுவே அக்காவைக் கேலி. வேறு எங்கும் நகல் இல்லை. இதெல்லாம் சின்னவளுக்குத் தெரியும். சோதனைப் பதிப்பு எதையும் அழிக்காது, அழிப்பதுபோலப் பாவனை மட்டும்தான் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அக்கா 'நிறுவு' என்பதை அழுத்தினாள். பச்சைக் கோடு நிரம்பியது.

"நீ சொன்னதுதாம்மா சரி" என்றார் மேலாளர். "தனிப் பக்கமே வச்சிடலாம்."

ஜெயித்த ஜோரில் சின்னவள், பக்கத்தில் நின்ற தாடிக்கார ப்ரோகிராமரிடம் திரும்பினாள். "நல்லவேளை, எல்லாம் பாவனைதான். இல்லைன்னா அக்கா என்னைக் கொன்னுடுவா."

"பாவனைய நேத்தே எடுத்தாச்சே" என்றான் தாடி. "எவ்ளோ இடம் மிச்சமாகுதுன்னு சார் பாக்கணும்னாரு. ஏன், அவங்க நிஜமாவே எதாவது வச்சிருந்தாங்களா?"

"திரும்ப எடுத்துடலாம்ல?"

"அழிச்ச இடத்து மேலயே புதுசா எழுதிடும், மீட்க முடியாது" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இன்னும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"இப்ப திறக்கறேன். ஒண்ணும் காணோம். கீழ தள்ளிப் பாக்கறேன். கீழயும் இல்ல. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

அவள் நிமிர்ந்து, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அசடு வழியச் சிரித்தாள். "மறுபடி முதல்லேர்ந்து பண்ணட்டுமா?"