லெந்து வெயில்

சூளைக்குப் பச்சைச் செங்கல் சுமந்தவன் மேஸ்திரிக்குத் தரவேண்டியது இருபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய். நாள் கூலி ஐந்நூற்று அறுபது. ஆக, நாற்பது நாள் வேலை. அந்த நாற்பது நாளை அவன் ஒருமுறைகூட மட்டம் போடாமல் ஏழு வருடத்தில் முடித்தான்.

பெண்டாட்டியின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கிய பணம். அதன் பிறகும் அவள் எழுந்து உட்காரவில்லை. "கடனோட என்னைக் குழியில எறக்கிடாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வேலை தொடங்கியது சாம்பல் புதனன்று. காலையில் அவன் நெற்றியில் சாம்பல் பூசிய உபதேசியார், அன்று தொடங்கும் நாற்பது நாள் உபவாசத்துக்கான லெந்து என்கிற பெயர் வேதத்திலேயே இல்லை என்றார். எங்கோ குளிர்தேசத்து ஜனங்கள் தங்கள் பழைய பாஷையில் வசந்தத்துக்கு வைத்த பெயராம். பனி விலகிப் பகல் நாளுக்கு நாள் நீளுவதால் வந்ததாம். உபவாச நாட்களும் அந்தப் பருவத்தில் விழுந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டதாம். "பகல் நீண்டா அவங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்யா."

"அவங்க கல்லு சுமக்கல போல" என்றான் அவன்.

அன்று சூளையில் எல்லோருக்கும் ஆறரைக்குப் பொழுது சாய்ந்தது. அவனுக்குச் சாயவில்லை. இரண்டு பாய் அகலத்துக்கு வெயில் அவன் தலைமேல் நின்று, போகிற பக்கமெல்லாம் கூடவே போனது. "அண்ணனுக்கு இப்பத்தான் மணி நாலு" என்று சிரித்துவிட்டு மற்றவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். மேஸ்திரி பேச்சு மாறாதவர். "பொழுது சாயற வரைக்கும்னுதானே பேசினோம்? சாஞ்சதும் போ, யாரு புடிச்சா? நடுவுல போனா அந்த நாளை எழுத மாட்டேன்." முதல் நாள் ஒரு மணி நேரம் கூடியது. பதினைந்தாம் நாள் ஊருக்கு மறுபடி விடிந்தும் முடியவில்லை. இருபதாம் நாள் ஒரு வாரம் ஓடியது. கல்லடுக்கில் சாய்ந்து கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெயில். எப்போதாவது பொழுது சாய்ந்தால் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், வெளுக்குமுன் திரும்பிவிடுவான்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் பல் விழுந்த வாயோடு சோறு கொண்டுவந்த மகள், அதே நாள் மத்தியானம் புதுப் பல்லோடு வந்தாள். முப்பத்தாறாம் நாள் தொடங்கி ஐந்து மாதம் கழித்து, வெறுங்கையோடு வந்தாள்.

"அம்மா போயிட்டாங்கப்பா."

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ட்டு வா, தப்பில்ல. ஆனா முப்பத்தாறை மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும்."

அவன் வானத்தைப் பார்த்தான். "கடனோட எறக்காதீங்கன்னாளேம்மா."

"இன்னும் அஞ்சு நாள் பாக்கி இருக்கேப்பா. அதுவரைக்கும் வெச்சிருக்க முடியுமா?" என்றாள் மகள். "நீங்க சுமங்க. மண்ணு நான் போட்டுக்கறேன்."

நாற்பதாம் நாள் இரண்டு வருடம் நின்றது. கடைசியில் ஒரு மாலை, எல்லோருக்கும் சாய்ந்தபோதே அவனுக்கும் சாய்ந்தது. மேஸ்திரி நோட்டில் அவன் பெயர்மேல் கோடு இழுத்தார். "தீந்துதுப்பா. இனிமே நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டு, களத்தில் மிச்சமிருந்த கற்களை இருட்டில் தடவித் தடவி எடுத்துச் சுமந்துகொண்டிருந்தான்.