கூடாரத்துக்கு ஒரு பத்ரீனோ

“நீதானடி அந்த ஆளப் போய்க் கேட்ட—”

“கூடாரத்துக்குத்தான்மா கேட்டேன், வேற எதுக்கும்—”

“கேட்டுட்டு வந்து குதிச்சியே, இஞ்சினியர் சரின்னுட்டார், இஞ்சினியர் சரின்னுட்டார்னு.”

“நீயுந்தான் சந்தோஷப்பட்ட.”

“என்னைப் பேசக் கூடாதுன்னு எடுத்துடுவாங்கன்னு தெரிஞ்சா சந்தோஷப்பட்டேன்?”

மாநாட்டு நாள் காலையில் தியோஃபிலாவும் அவள் மகள் நொயெமியும் போட்ட சண்டை, பக்கத்து வீட்டிலிருந்த எனக்குச் சுவர் தாண்டிக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விசேஷத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று நின்றிருந்தாள் தியோஃபிலா.

மாநாடு நொயெமியின் யோசனை. பள்ளியில் கடைசி வருஷம் அவளுக்கு. சுரங்கக் கழிவு கலக்கும் எங்கள் ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தலைநகர் லிமாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வர வேண்டும்; அவர் முன்னால் தியோஃபிலா எழுந்து வில்மரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் அத்தனை ஓட்டமும். வில்மர் நொயெமியின் தம்பி, ஏழு வயது. ரத்தத்தில் ஈயம். திடீரென்று மூக்கில் ரத்தம் வரும். நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகும். ஊர்ச் சுகாதார நிலையத்தில், கையைச் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு தர மாட்டார்கள். ஊரே கூடியிருக்கும்போது கேட்டால் டாக்டரம்மா தட்டமாட்டார் என்பது பெண்ணின் நம்பிக்கை.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பந்தாட்டமானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்ரீனோவைப் பிடிக்க வேண்டும். ரொட்டி ஒருத்தர் பொறுப்பு, நாற்காலி ஒருத்தர் பொறுப்பு. ஏற்றுக்கொண்டவர் அன்றைக்கு ஞானத்தகப்பன் மாதிரி. முன்வரிசை அவருக்கு. அவர் முகம் வாடும்படி யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. நொயெமி சீருடையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ரொட்டிக்கடைக்காரர் தலையாட்டினார், சந்தைப் பெண்கள் உருளைக்கிழங்கு தந்தார்கள். கூடாரத்துக்கும் டாக்டரம்மாவின் பயணத்துக்கும் மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மழைக்காலம் வேறு. பள்ளி சார்பில் மாநாட்டை நடத்திய தலைமையாசிரியர் வராங்கா, சுரங்க ஆபீசில் கேட்டுப் பாரேன் என்றார். போனாள். இஞ்சினியர் சல்செதோ அவளை முழுசாகப் பேசவே விடவில்லை. கூடாரம், கார், போதாததற்கு ஊருக்கே ஆட்டுக்கறி விருந்து, எல்லாம் என் பொறுப்பு என்றுவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் வராங்கா, தியோஃபிலாவின் பேச்சை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நடனத்தைப் போட்டார். ஏன் சார் என்று நொயெமி கேட்டதற்கு, பத்ரீனோவை உட்காரவைத்து அவமானப்படுத்தச் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்டாராம்.

“கேள்வி நேரத்துல மைக்கு எங்கையிலதாம்மா இருக்கும்,” என்றாள் நொயெமி. “நேரா உன்கிட்ட கொண்டாரேன். யாரு தடுக்கறாங்கன்னு பாப்போம்.”

தியோஃபிலா கிளம்பினாள். நானும் போனேன்.

தண்ணீரைப் பற்றிய மாநாடு. ஒவ்வொரு நாற்காலியிலும் கம்பெனி பேர் போட்ட தண்ணீர் பாட்டில். டாக்டரம்மா நல்ல மாதிரிதான், ஆனால் அவர் பேச்சில் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. கேள்விக்கு முன்னாலேயே சாப்பாடு என்றார் வராங்கா. குழியில் கறியின்மேல் அடுக்கியிருந்த சுட்ட கற்களைப் புரட்டியதும் வாசனை கூடாரத்துக்குள் வந்தது. இஞ்சினியரே தட்டுத்தட்டாகப் பரிமாறினார். வில்மருக்கு இரண்டாம் தடவை வைத்து, “நல்லா சாப்பிடுடா சாம்பியன்,” என்று தலையைத் தடவினார். தியோஃபிலா சிரிக்க வேண்டியிருந்தது.

கேள்வி நேரத்தில் நொயெமி முன்வரிசையில் உயர்ந்த கைகளைத் தாண்டி நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள். தியோஃபிலா எழுந்து தொப்பியைக் கழற்றினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்சினியரும் திரும்பினார், சிரித்த முகமாக. பக்கத்தில் வில்மர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எல்லாரும் வயிறார சாப்பிட்டோம்,” என்றாள். “நம்ம பத்ரீனோவுக்கு நன்றி.”

கைதட்டினார்கள். டாக்டரம்மாவும் தட்டினார். நொயெமி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். வராங்கா சைகை காட்டினார். அடுத்த கையை நோக்கி நடந்தாள்.

மழை தொடங்குமுன் டாக்டரம்மாவைக் கம்பெனி கார் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் நனைந்துகொண்டே திரும்பினோம். பாலத்துக்கு வந்ததும் நொயெமி கேட்டாள்:

“ஏம்மா? வில்மர் பேர மட்டும் சொல்லியிருந்தாக்கூடப் போதுமே.”

“பிள்ள அந்தாளு வெச்ச கறியத் தின்னுட்டிருக்கான். எனக்கு வாயே வரலடி.”

“நீ பேசுவேன்னுதான இத்தன நாளும் நாயா அலைஞ்சேன். எல்லாத்தையும் கெடுத்துட்ட.”

வில்மருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. தியோஃபிலா நின்று, போர்வை நுனியால் அவன் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பார்க்காமலே சொன்னாள்:

“எங்கிட்டேர்ந்து வாங்கினப்புறம் மைக்கு உங்கையிலதானடி இருந்துச்சு.”