சாம்பல் காணும்

விபூதிப் புதனுக்கு முந்தின நாள் மாலை, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் தேவாலய முற்றத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் ஓர் இரும்பு வாளியைச் சுற்றி நின்றார்கள். போன குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைச் சிலுவைகளைத் திருப்பிக் கொண்டுவந்து எரிப்பது வழக்கம். அந்தச் சாம்பல்தான் மறுநாள் எல்லோர் நெற்றியிலும் பூசப்படும்.

றோசம்மாவின் சிலுவை இன்னும் கைப்பைக்குள் இருந்தது. அவள் கணவர் இன்னாசித்தம்பி பின்னியது. பின்னியவர் ஆவணியில் போய்விட்டார். கொடுக்காவிட்டால் ஆண்டவருக்கு இல்லையென்று சொன்னதாகிவிடும். கொடுத்தாலோ, அவர் கையால் செய்த பொருள் வீட்டில் வேறு இல்லை.

நல்ல வேளையாக டெனிஸ்டன் பேசத் தொடங்கினார். சங்கச் செயலாளர். நைஜீரியாவிலிருந்து வந்த பங்குத்தந்தை ஆங்கிலத்தில் அனுப்பிய அறிவித்தலில் 'இன்சினரேட்' என்று ஒரு சொல் இருந்ததாம். சனம் அதை வெறுமனே எரிப்பது என்று விளங்கிக்கொண்டால் ஆன்மாவுக்கே ஆபத்து என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வேர் இலத்தீன் என்றார். 'சினிஸ்' என்றால் சாம்பல், 'இன்' என்றால் உள்ளே, ஆகவே சாம்பலுக்குள் போகச் செய்வது. ஆங்கிலத்துக்கு வந்து நானூறு வருடங்களுக்கு மேல். அப்பேர்ப்பட்ட சொல்லைக் குப்பை எரிக்கும் ஆலைக்குக் கொடுத்துவிட்டார்களே என்று வருந்தினார். சனம் தூறலில் நின்று சேர்ந்து வருந்தியது. இலத்தீன் தெரியாத நெருப்பு இரண்டு தரம் அணைந்தது. அவருடைய மனைவி எவ்லின் பொறுமையாக மறுபடி பற்றவைத்தாள். அந்தப் பொறுமை கலியாணத்தோடு வந்தது.

"பாதி கருகிக் கிடந்தால் அது இன்சினரேட் இல்லை," என்று டெனிஸ்டன் விரலை உயர்த்தினார். "ஒரு ஓலையும் மிஞ்சக் கூடாது. றோசம்மா அக்கா, உங்கடையைப் போடுங்கோ."

றோசம்மா சிலுவையை எடுத்தாள். வாளிக்கு மேல் நீட்டிய கை அப்படியே நின்றது.

"தம்பி, சாம்பலானதைத் திருப்பி ஓலையாக்கிறதுக்கு இங்கிலீசிலை ஏதும் சொல் கிடக்கோ?"

யாரோ சிரித்தார்கள். டெனிஸ்டன் இலத்தீன் பக்கம் போக வாயைத் திறந்தார். அப்போதுதான் சிலுவையின் முடிச்சு கண்ணில் பட்டது. போன வருடம் அவருக்கும் ஒன்று பின்னித் தந்த விரல்களின் முடிச்சு.

"இல்லை அக்கா," என்றார்.

வாளியை எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு பிடிகூடச் சேரவில்லை.

"சாம்பல் காணும், இவ்வளவு போதும். அதை உள்ளை வையுங்கோ."

டெனிஸ்டன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி அந்தச் சனம் கேட்டதில்லை.

மறுநாள் பூசையில் அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவர் முறை வந்தபோது சாம்பல் கிண்ணம் வெறுமையாக இருந்தது. வெறும் நெற்றியோடு பஸ் ஏறினார்.