வெற்றிலையில் வைத்த இரண்டு ரூபாய்

அறுபத்தொன்பதாம் வருஷம் மோட்டார் இன்சூரன்ஸ் பிரீமியம் மறுபடியும் ஏறியது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டிகளுக்கு எங்கள் கம்பெனி தனியாக வேறு கூட்டியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்தில் அதைவிடப் புதிய வண்டியை நான் பார்த்ததில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே அசரியா சாரின் ஏஜென்சி இருந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், நான் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் சார் பேசுவார். நான் பேச மாட்டேன்.

துரை அண்ணன் பிரீமியம் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் சின்னதாக ஒரு சோடா கம்பெனி வைத்திருந்தார். ஒரே ஒரு பழைய வேன். அதில்தான் மேடவாக்கம் வரைக்கும் கடை கடையாகச் சோடா போகும்.

“இன்னா சார் இது? என் வண்டி ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. அதுக்குப் பரிசா?”

“எல்லாருக்கும் ஏத்திட்டாங்க துரை. பட்டணத்துல இடிக்கிறவனுக்கும் சேர்த்து நீதான் கட்டணும்.”

“அப்போ அவன் வண்டிய எனக்குக் குடுக்கச் சொல்லு சார். நானும் ரெண்டு எடம் இடிச்சுட்டு வரேன்.”

சார் சிரித்தார். துரை அண்ணன் சிரிக்கவில்லை. இவ்வளவு கட்ட முடியாது என்றார். சட்டத்துக்காகக் கட்டாயம் எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்படி எடுத்தால் அவர் வண்டி நொறுங்கினாலும் ஒன்றும் கிடைக்காது.

கட்டண விவரப் புத்தகத்தை நான் முந்தின நாள்தான் முழுவதும் படித்திருந்தேன். மெஷினுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னேன்:

“வாடகைக்கு ஓட்ட மாட்டோம், சொந்தச் சரக்கு மட்டும்னு எழுதிக் கொடுத்தா குறையும் சார்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

துரை அண்ணன் எப்போதாவது வாடகைக்குச் செங்கல், வைக்கோல் ஏற்றுவது உண்டு. அதை விட்டுவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது, “தங்கச்சி படிச்ச படிப்பு வீணாப் போவல சார்,” என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து வேன் மேடவாக்கம் போகிற வழியில் ஏரிக்குள் கவிழ்ந்தது.

சேதம் பார்க்க லோகநாதன் என்பவரைக் கம்பெனி அனுப்பியது. வாக்குமூலம் இங்கிலீஷில் வேண்டும் என்பதால் சார் என்னையும் கூட அனுப்பினார். வேன் துரை அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. எஞ்சினுக்குள் சேறு காய்ந்து வெடித்திருந்தது. துரை அண்ணன் இடது கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார். அவர் மனைவி அருள்மேரி எங்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

“எருமை குறுக்கால வந்துச்சு சார். வளைச்சேன். எறங்கிடுச்சு.”

“வண்டியில பித்தளை அண்டா இருந்துச்சாமே. சோடாவ அண்டாவுலயா விக்கிறீங்க?” என்றார் லோகநாதன்.

துரை அண்ணன் சிரித்தார். “எதுத்த வூட்டுக் கன்னியம்மா பொண்ணோட சீரு சார். மேடவாக்கத்துல கட்டிக் குடுத்துக்கிறாங்க. சோடா எடுத்துக்கினு போற வழிதானேன்னு ஏத்திக்கினேன். பாட்டிலு பூரா போச்சு. அண்டா மட்டும் ஜம்முனு மெதந்துச்சு.”

“காசு வாங்குனீங்களா?”

“சேச்சே. தாம்பூலம் குடுத்தாங்க. வெத்தில பாக்கு மேல ரெண்டு ரூவா வெச்சு.”

“வாங்கிக்கிட்டீங்க?”

“வாங்காம? சீர் எடுத்துக்கினு போறவன் வெறுங்கையோட கெளம்பக் கூடாது சார். பொண்ணுக்கு ஆகாது.”

“அந்த ரூவா அப்படியே மாதா படத்தாண்ட கீது,” என்றார் அருள்மேரி. “எடுத்தாரட்டா?”

“வேண்டாம்மா,” என்றார் லோகநாதன். என் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க மிஸ்,” என்றார்.

பார்த்ததை மட்டும், சுருக்கமாக எழுத வேண்டும் என்று கல்லூரி லேபில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தாம்பூலம் வைக்கிற வழக்கம் கிடையாது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. துரை அண்ணன் சொல்வதாக இரண்டு வரி எழுதினேன்: “எதிர் வீட்டுக் கல்யாணப் பாத்திரங்களை ஏற்றிச் சென்றேன். இரண்டு ரூபாய் பெற்றுக்கொண்டேன்.”

தமிழில் சொல்லிக் காட்டினேன். “ஆமா, அதான்,” என்று துரை அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் அதை என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். வண்டி வாடகைக்கு ஓடியிருக்கிறது, அதனால் நஷ்ட ஈடு கிடையாது என்று இருந்தது.

“வாடகையா?” என்றார். பிறகு, “வெத்தில பாக்குன்னு எழுதினியா தங்கச்சி?” என்றார்.

“இல்லண்ணா.”

அவர் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். அசரியா சார்தான், “எழுதியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க துரை,” என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்று வரை தெரியாது. தாம்பூலத்தைப் பற்றி ஒரு பக்கம் விளக்கி நானே ஒரு கடிதம் அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. வேனில்லாமல் கடைகளுக்குச் சோடா போகவில்லை. துரை அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கப் போனார். காலையில் ஸ்டேஷனில் சில சமயம் பார்ப்பேன். ஏரியில் அடிபட்ட கையைப் பக்கத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

தை மாதத்தில் அருள்மேரி ஆபீஸுக்கு வந்தார். சார் வெளியே போயிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார். காய்ந்து சருகான வெற்றிலை. உள்ளே இரண்டு ஒரு ரூபாய் நோட்டுகள்.

“செலவு பண்ணவே இல்ல தங்கச்சி. இத நீங்க வாங்கிக்கினு, வாங்கலன்னு மாத்தி எழுதினா பணம் வருமா?”

வராது என்று தலையை ஆட்டினேன்.

“கன்னியம்மாவாண்ட திருப்பிக் குடுத்துட்டா?”

பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்:

“அது முடியாது. பொண்ணு முழுகாம கீது. இப்பப் போய்த் திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்.”

மேஜையில் வெற்றிலைத் தூள் உதிர்ந்து கிடந்தது. அருள்மேரி அதை உள்ளங்கையால் ஒன்று சேர்த்து, நோட்டுகளோடு மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

“எழுதிக்கினு இருந்தத எழுது தங்கச்சி. நா வரேன்.”

மெஷினில் மேடவாக்கத்துக்குப் போக வேண்டிய ஒரு பிரீமியம் நோட்டீஸ் பாதி அடித்தபடி இருந்தது.