கழுத்துக்குள் முறிந்த கம்பி

நூகு பாயின் பேஸ் கிட்டார் சங்கரியின் கையில்தான் முறிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தந்திகள் நான்கும் அப்படியே இருந்தன. மரத்தில் ஒரு கீறல் இல்லை. கழுத்தின் உள்ளே நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பி மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. அதன்பின், அதை முறுக்க அவள் பிடித்திருந்த சாவி எந்தத் தடையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே வந்தது.

சங்கரி குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஆற்றோரத்து நீரேற்று நிலையங்களில் மோட்டார் நின்றால் முதல் ஃபோன் அவளுக்குத்தான் வரும். பொறியியல் கல்லூரியில் படித்தபோது மாணவர் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க யாரும் முன்வராததால் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. படிப்பு முடிந்து வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் என்று ஆனதில் கிட்டார் கைவிட்டுப்போனது. நாற்பதைத் தாண்டிய பிறகு, யாரோ உதவாது என்று இணையத்தில் தள்ளிவிட்ட ஒரு பேஸை வாங்கி, தச்சநல்லூர் வீட்டு மாடியறையில் பிரித்துப் போட்டாள். அதைச் சரிசெய்து, முதல் தடவை தந்தியைத் தட்டி, அடிவயிற்றில் அந்தத் தாழ்ந்த, கனத்த சத்தம் இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் மாடியில்தான் கழிந்தன. ஊரில் பேஸ் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவர் சொல்லி ஒருவராக அவளிடம் வர ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் நூகு பாயும் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மேலப்பாளையத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். சாயங்காலங்களில் கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தார்.

“ஒரு கச்சேரி வாசிச்சா மறுநா துணி பிடிக்க முடியல்ல மேடம். விரலெல்லாம் வீங்கிப் போவுது. வயசாயிட்டுல்லா?” என்று சொல்லிக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். “இன்னும் ரெண்டு மூணு கச்சேரி. அதோட விட்டுரலாம்னு நெனைக்கேன். அதுவரைக்கும் கொஞ்சம் லேசாக்கித் தந்தியன்னா போதும்.”

ஷார்ஜாவில் ஒரு ஓட்டல் சலவைப் பிரிவில் அவர் வேலை பார்த்தபோது, கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற கிட்டார் அது. திரும்பி வந்து சில வருஷம் கூடங்குளத்தில் கடை போட்டிருந்தாராம். கடற்காற்று அதன் திருகுகளில் எல்லாம் தெரிந்தது.

கோளாறு என்னவென்று சங்கரிக்குப் பார்த்ததுமே புரிந்தது. தடித்த தந்திகள் இழுத்த இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்து, தந்திகள் விரல் அழுத்தும் பலகையை விட்டு உயரத்தில் நின்றன; அழுத்தவே இரட்டிப்புப் பலம் வேண்டும். உள்ளே ஓடும் கம்பியை முறுக்கினால் அது கழுத்தை எதிர்ப்பக்கம் இழுத்து நிமிர்த்தும். எளிய வேலைதான். ஆனால் அதன் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். கீழே கணவர் கணேஷ்ராம் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீரேற்று நிலையத்திலிருந்து வேறு ஃபோன் அடித்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று சாவியைத் திருப்பினாள்.

அவள் கீழே இறங்கி வந்த முகத்தைப் பார்த்துக் கணேஷ்ராம் கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னாச்சு?”

“பாயோட கிட்டாரை உடைச்சிட்டேன்.”

“ஒட்ட வைக்க முடியாதா?”

“உடைஞ்சது உள்ளுக்குள்ள. விரல்பலகையை மொத்தமாப் பேர்த்து எடுத்தாத்தான் கம்பியை மாத்த முடியும். நான் அதைச் செஞ்சதே இல்ல.”

“அவர்ட்ட சொல்லிட்டியா?”

“இப்பதான உடைஞ்சுது” என்று உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டதும் எழுந்து கை கழுவிவிட்டு, தன்னுடைய பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

நூகு பாய் கடையில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை இயந்திரத்தில் பாதி தைத்திருந்த ரெக்ஸினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இனிமே அது வாசிக்காதா?”

“சரி பண்ணப் பாக்குதேன் பாய். முடியும்னு உறுதியாச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“வெள்ளிக்கிழம கல்லிடைக்குறிச்சில கச்சேரி இருக்கு.”

“அதுக்குத்தான் என்னோடதக் கொண்டு வந்தேன்.”

அவர் அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “டீ சாப்பிடுதியளா மேடம்?” என்று கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று சங்கரிக்கு இருந்தது.

அடுத்த சில நாட்கள் அலுவலகம் விட்டு வந்ததும் விரல்பலகை பிரிக்கும் காணொளிகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. சூடு அதிகமானால் பலகை கருகும். குறைந்தால் பசை இளகாமல் மரம் பிளந்துவிடும். ஏதோ கிட்டாரின் பழைய கழுத்து ஒன்று மாடியறையில் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தாள். நுனியில் ஒரு சில்லு பெயர்ந்து வந்துவிட்டது. எல்லாவற்றையும் நூகு பாய்க்கு ஃபோனில் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பெண் நின்றாள். “நான் ஷரீபா பீவி. நூகு பாய் வீட்ல” என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அது உடைஞ்சு போச்சுன்னு சொன்னாக. நீங்க ஒரு உதவி செய்யணும் தங்கச்சி. அதச் சரி பண்ண முடியாதுன்னு சொல்லிருங்க.”

“ஏன்க்கா?” என்றாள் சங்கரி.

“கச்சேரி முடிஞ்சு வந்தா விரல வெந்நீர்ல போட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. சட்டைப் பித்தான்கூடப் போட முடியல்ல. ‘விட்டுருங்க’ன்னா ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ங்காக. அதுவா உடைஞ்சு நின்னா, நான் தடுத்த மாதிரி இருக்காது பாருங்க. அவுகளும் மனசத் தேத்திக்கிடுவாக.”

எவ்வளவு சுலபமான வழி! ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரியாத வேலையில் கைவைக்க வேண்டாம். இன்னொரு தடவை உடைக்க வேண்டாம். ஷரீபா பீவியும் சந்தோஷப்படுவாள். சங்கரி தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்து அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பி வந்து சொன்னாள்: “பொய் சொல்ல எனக்கு வரல்லக்கா. ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆனா வெள்ளிக்கிழம என் கிட்டார்லதான் வாசிக்கப் போறாக. அன்னைக்கும் விரல் வீங்குச்சுன்னா, நானே அவர்ட்ட ‘போதும் பாய்’னு சொல்லுதேன்.”

ஷரீபா பீவி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “கிட்டார் மாறினா விரல் மாறுமா?”

“மாறாது. அழுத்துற பாரம் மாறும்.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் “சரி, பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். வந்ததும் வராததுமாக நூகு பாய் இடது கையை விரித்துக் காட்டினார். அவர் முகத்தில் ஒரு பையனின் களை இருந்தது.

“தங்கச்சி, இங்கன பாருங்க. முழுக் கச்சேரி. நடுவுல ஒரு பாட்டுக்கூட விடல. பஞ்சு மாதிரி அழுந்துது உங்க தந்தி! இத்தன நாளும் என் கைதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்லா.”

“ராத்திரி வந்து அவுகளே சட்டைப் பித்தானக் கழட்டுனாக” என்றாள் ஷரீபா பீவி. அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து பழைய கனத்த இஸ்திரிப்பெட்டி ஒன்றை எடுத்தாள். “சூடு பண்ணிப் பிரிக்கணும்னு சொன்னியளாமே. உங்க வீட்ல ஆவி வர்ற பெட்டியாத்தான இருக்கும். மரத்துக்கு ஈரம் ஆவாதுல்லா?”

சங்கரி சிரித்தாள். “பாய், மறுபடி சொல்லுதேன். பலகை பிளந்தாலும் பிளந்துரும்.”

“நீங்க ஒளிக்காம வந்து சொன்னிய பாருங்க, அதுக்கே உங்கள நம்பலாம். பிஸ்மில்லாஹ்னு ஆரம்பிங்க.”

மாடியறையில் தந்திகளைக் கழற்றி, கழுத்தை உடலிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார்கள். ஷரீபா பீவி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். சங்கரி மெல்லிய கத்தியைப் பலகைக்கும் மரத்துக்கும் நடுவில் நுழைத்தாள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பசை இளகி, வெண்ணெய்க்குள் போவதுபோல் கத்தி கொஞ்சம் உள்ளே போனது. அவள் தள்ளப் பார்த்தாள்.

“பைய, பைய” என்றார் நூகு பாய்.

இந்தத் தடவை அவள் நிறுத்தினாள். கத்தியை விட்டுவிட்டு, சூடு தானாக உள்ளே இறங்கட்டும் என்று காத்திருந்தாள். கணேஷ்ராம் டீ போட்டுக் கொண்டுவந்தார். அதைக் குடித்து முடித்த பின்தான் மறுபடி கத்தியைத் தொட்டாள். அப்படி விட்டு விட்டுச் செய்ததில், மதியத்துக்குள் பலகை முழுசாகப் பெயர்ந்து வந்தது. ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை.

உள்ளே பள்ளத்தில் கம்பி இரண்டாகக் கிடந்தது. சங்கரி முறிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பாதி வட்டம் பழைய துருவேறிக் கறுத்திருந்தது. மீதிப் பாதி புதுசாகப் பளபளத்தது.

“இது முன்னாலயே பாதி விட்டிருக்கு பாய். உப்புக்காத்து. மீதியத்தான் நான் உடைச்சிருக்கேன்.”

நூகு பாய் அதை வாங்கிப் பார்த்தார். “அப்ப பாதி கூடங்குளம், பாதி நீங்க. ரெண்டு பேரையும் மன்னிச்சாச்சு” என்றார். ஷரீபா பீவிதான் முதலில் சிரித்தாள்.

புதுக் கம்பியைத் தச்சநல்லூரிலேயே ஒரு லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கினார்கள். பலகையைத் திரும்ப ஒட்டி, பிடிப்பான்கள் போட்டு இறுக்கி, பசை நன்றாகக் காயும்வரை சங்கரி அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளை ஒரே மட்டமாகத் தேய்த்து, புதுத் தந்தி கட்டி, கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். ஒவ்வொரு திருப்புக்கும் பின் ஒரு நாள் விட்டாள். கடைசியில் தந்திகள் பலகையை ஒட்டித் தாழ்ந்து நின்றன. எங்கே அழுத்தினாலும் இரைச்சல் இல்லாமல் சுத்தமாகப் பேசின.

நூகு பாய் வந்து வாசித்துப் பார்த்தார். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப, கண்ணை மூடிக்கொண்டு. “இது என்னோடதுதானா?” என்று கேட்டார். கச்சேரியை விடுவது பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

அடுத்த மாதம் தச்சநல்லூர் மண்டபம் ஒன்றில் ஒரு வரவேற்பில் அவர்கள் குழு வாசித்தது. பெண்வீட்டார் தெரிந்தவர்கள் என்பதால் சங்கரியும் கணேஷ்ராமும் போயிருந்தார்கள். பின்வரிசையில் ஷரீபா பீவி தனியாக உட்கார்ந்திருந்தாள். சங்கரி போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

“இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் அவுக மேடையில வாசிச்சுப் பாக்கேன்” என்றாள் ஷரீபா பீவி. கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். “ஆனா தங்கச்சி, இவ்ளோ சத்தத்துல அவுக சத்தம் எது? எனக்குத் தெரியலையே.”

“பொறுங்க. அவர் நிறுத்தும்போது தெரியும்.”

அடுத்த பாட்டின் நடுவில் ஓரிடத்தில் நூகு பாய் கையை எடுத்தார். பாடகியின் குரலும் வயலினும் மட்டும் தனித்து நின்றன. கூடத்தில் எதுவோ காலுக்கடியிலிருந்து உருவப்பட்டதுபோல் இருந்தது. ஷரீபா பீவி நிமிர்ந்தாள். இரண்டு வரி கழித்து அவர் மறுபடி தந்தியைத் தொட்டதும், பாட்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

“ஆமா” என்றாள் அவள், சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு. “ஆமா, இதுதான்.”