தொப்புளைச் சுற்றிப் பதினாலு

சாமுவேலுக்குக் கூச்சம் அதிகம். ஸ்கெட்ச் பேனா தொப்புளுக்குப் பக்கத்தில் வந்தாலே புழுவாக நெளிந்தான். ஏழாவது புள்ளி விலாவில் போய் விழுந்தது.

"ஆடாத கெட. கோலம் கெட்டுப்பூடும்," என்றாள் அவன் அக்கா திலகா.

"வாசல்ல போடு கோலத்த. கூசுது எனுக்கு."

"புள்ளிக்கே இப்பிடித் துள்ற. நெசமா பதினாலு ஊசி போட்டா இன்னா பண்ணுவ?"

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். 2001, ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். அடுத்தது கிராம சபை.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி. மருந்து காஞ்சிபுரத்தில்தான் கிடைக்கும். இரண்டு பஸ் மாற வேண்டும். அதை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கச் சொல்லி இந்த இருவரும் ஒரு மாதமாக அலைந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் முனிரத்தினம், "போயி ஊசி போட்டுக்கினு வர இன்னா கஷ்டம்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். கஷ்டத்தைக் காட்டத்தான் இந்தப் புள்ளிகள். நான் பி.எஸ்ஸி. படித்தவன், கையெழுத்து அழகு என்று மனு எழுத என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் வேறு வேலை இல்லை.

இப்போது அவசரம். ஏரிக்கரைக் குடிசையில் கங்கம்மாளின் மகள் அம்முலுவை நாய் கடித்திருந்தது. எட்டு வயது. மூன்று ஊசி போட்டாகிவிட்டது. நாலாவது இன்றைக்கு. சொர்ணவாரி நெல் அறுப்பு தொடங்கிவிட்டது, இனிப் போக முடியாது என்று கங்கம்மாள் சொல்லிவிட்டாள்.

புங்கமரத்தடியில் கூட்டம் நிறைந்திருந்தது. யூனியன் அதிகாரி வந்திருந்தார். மலேரியா பற்றிப் பேச சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் வந்திருந்தார். முனிரத்தினம் தெருவிளக்குப் பேச்சைத் தொடங்கும்போது சாமுவேல் பெஞ்சின் மேல் ஏறிச் சட்டையைத் தூக்கினான்.

"தலைவரே, இது இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

முனிரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அம்மையா?"

முன்வரிசை சட்டென்று பின்னால் நகர்ந்தது. டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார்.

"நாய்க்கடி ஊசி," என்றாள் திலகா. "பதினாலு நாளு. இந்த ஊர்ல யாரு எத்தினியோட வுட்டீங்கன்னு சொல்லுங்க. எழுதறேன்." கரும்பலகை அருகில் சாக்குக்கட்டியோடு நின்றாள்.

"அஞ்சு," என்றார் ஆண்டி, பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி எழுந்து.

"எனுக்கு மூணு," என்றாள் ஜெயம்மாள். "நாலாம் நாளு மாமியா செத்துடிச்சி. சாவு வூட்ட வுட்டுட்டு பஸ் ஏறினா ஊரு இன்னா பேசும்?"

"யக்கா, உன்னக் கடிச்ச நாயி இன்னா ஆச்சி?" என்றான் சாமுவேல்.

"அதுவும் செத்துப்பூச்சி."

"உன்னப் பாத்தே பூட்டிருக்கும்."

ஏழு என்றது ஒரு குரல். இரண்டு என்றது இன்னொன்று. அதிகாரி, "பதினாலும் முடிச்சவங்க கை தூக்குங்க," என்றார். ஒரு கையும் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முனிரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"நானு ஒம்போது. மச்சான் வூட்டுக் கல்யாணம் வந்திடிச்சி."

விசில் பறந்தது. பலகையில் எழுதிவிட்டு அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டாள் திலகா.

"இந்து, ஆறு," என்றேன்.

சிரிப்பு நின்றது. இந்து என் மனைவி. ஊருக்கே தெரியும். பஸ்ஸில் வாந்தி வருகிறது, ஆறு போதும் என்றாள். நானும் சரி என்றேன். அது போன வருஷம், மாசி மாதம். சித்திரைக்குள் போய்விட்டாள்.

திலகா எழுதினாள்.

ஓரத்தில் நின்ற கங்கம்மாள், "எம் பொண்ணு மூணு," என்றாள். "அறுப்புக்குப் போனாத்தான் சோறு. இங்கியே போட்டா கூட்டியாரேன்."

முனிரத்தினம் தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எய்துப்பா. 'நாய் கடித்த பொதுமக்களின் நலன் கருதி...'"

"தலைவரே, பொதுமக்கள் நாயக் கடிச்ச மாதிரி கீது," என்றான் சாமுவேல்.

"ஜெயம்மா கீறவரைக்கும் ரெண்டும் சரிதாண்டா," என்றார் அவர்.

மறுபடி கூட்டம் குலுங்கியது. 'நாயால் கடிபட்ட' என்று திருத்தினேன். எங்கள் ஊரிலேயே மருந்தை இருப்பு வைக்க வேண்டும் என்று எழுதி முடித்தேன். கைநாட்டும் கையெழுத்துமாக மூன்று பக்கம் நிறைந்தது.

"உத்தரவு வர நாளாகும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஊசி போட எனக்கு உத்தரவு வேணாம். மருந்துதான் இல்ல. இந்தப் பொண்ணோட மிச்சம் பதினொண்ணுக்கும் லெட்டர் தரேன். ஐஸ்ல வெச்சு வாங்கிட்டு வாங்க. போலியோ மருந்து ஃபிரிட்ஜ்ல எடம் இருக்கு. தீர்மானத்துல எனக்கு ஒரு காப்பி மட்டும் குடுங்க, கேட்டா காட்டணும்."

பால்ஐஸ் விற்கும் முனியன் தன் சிவப்புப் பெட்டியைக் கொடுத்தான். சாமுவேலின் டிவிஎஸ் ஐம்பதில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். போகும்போது தொல்லையில்லை. மருந்தோடு திரும்பும்போது வழியில் மாகறல் ஊரில் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்துவிட்டார்கள். பத்துப் பேர் துரத்தினார்கள்.

"டேய், உள்ள நாய்க்கடி ஊசிடா," என்று கத்தினான் சாமுவேல்.

"எனுக்கு ரெண்டு," என்றது பின்னால் ஓடிவந்த ஒரு குரல்.

வண்டி ஆடும் அளவுக்கு அவன் சிரித்தான். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் பாதி ஊர் தொங்கியது. அம்முலு மேசைமேல் விறைத்துக் கிடந்தாள். காலைக் கங்கம்மாள் பிடித்தாள். கையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் பிடித்தேன். பஞ்சு வயிற்றில் பட்டதும் அவள் என் மணிக்கட்டைக் கவ்வினாள்.

"முடிஞ்சிது," என்றார் டாக்டரம்மா.

அம்முலு பல்லை எடுத்தாள். "எது?"

"ண்ணா, இனிமே உனுக்குப் பதினாலு," என்றான் சாமுவேல். ஜன்னல் கம்பிகள் அதிர ஊர் சிரித்தது. டாக்டரம்மாவும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சோப்புப் போட்டுக் கழுவுங்க, போதும்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு யாரு கை?"

சாமுவேல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். திலகா அவனை முன்னால் தள்ளினாள்.

மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. நன்றாகவே வலித்தது.

"என் கைதான்," என்றேன்.