பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புளிக்குழம்பு

பூரணியைப் பெண் பார்க்க வட்டகொடையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அவளுடைய அம்மா நாகலெட்சுமிக்கு முதலில் வந்த கவலை பாத்திரத்தைப் பற்றித்தான். வீட்டில் இருந்தவை எல்லாம் நசுங்கிப்போன அலுமினியச் சட்டிகள். வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த அந்த ஓரறைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அடுப்புதான். அதன்மேல் ஒரு நல்ல பாத்திரமாவது இருக்க வேண்டாமா?

அதே லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்த மீனம்மாவிடம் ஒரு பித்தளைக் குண்டான் இருந்தது. அவள் மாமியார் வழியில், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. கையால் அடித்துச் செய்ததால் சுற்றிலும் சுத்தியல் தடங்கள் மீன் செதிலைப்போல் தெரியும். தைப்பொங்கலன்று மட்டும் அதில் சர்க்கரைப்பொங்கல் வேகும். மற்ற நாளெல்லாம் பரணில் கவிழ்ந்து கிடக்கும்.

"இதெல்லாம் கேக்கணுமா லெச்சுமி? பூரணி எனக்கும் மகதான். நானே கழுவிக் கொண்டாந்து தாரேன்" என்றாள் மீனம்மா.

கொண்டுவந்து வைத்தபோது நாகலெட்சுமிக்கு அடையாளமே தெரியவில்லை. வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் குண்டான் தங்கமாய் மின்னியது. குனிந்தால் முகம் தெரிந்தது.

"அக்கா, இது அந்தக் குண்டான்தானா?"

"பின்ன? பீலிக்கரையில, தண்ணி கொட்டுற எடத்துல ஒக்காந்து மண்ணு, தேங்காநாரு எல்லாம் போட்டுத் தேச்சேன். உள்ளுக்குள்ள வெள்ளையும் சாம்பலுமா அழுக்கு புடிச்சிக் கெடந்திச்சு. லேசுல போகல. இந்தா பாரு கைய." விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. நாகலெட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக்கான புளிக்குழம்பை முதல் நாள் மாலையே அந்தக் குண்டானில் வைத்து இறக்கினாள். புளிக்குழம்பு ஊறினால்தானே ருசி.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அம்மா பேச்சியம்மா, பெரியப்பா. சாம்பார், வடை, பாயாசம் எல்லாம் இருந்தும் எல்லாருக்கும் பிடித்தது புளிக்குழம்புதான். பேச்சியம்மா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். வீட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தபோது குண்டான் வழித்த மாதிரி காலியாக இருந்தது. நாகலெட்சுமிக்கு அப்படி ஒரு நிறைவு.

அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போன அவள் கணவன் செல்லசாமி முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"பஸ்சுக்கு நிக்கும்போதே பெரியவரு வாந்தி எடுத்தாரு. பெறகு அந்தப் பையன். பெறகு அந்தம்மா. வாயெல்லாம் காசை நக்குன மாதிரி இருக்குன்னாங்க. சோடா வாங்கிக் குடுத்து ஏத்திவிட்டேன். என்னத்த போட்ட நீ?"

"என்னத்த போட்டேன்? எல்லாருக்கும் போட்டதத்தான் போட்டேன்!"

அதன்பிறகு வட்டகொடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பூரணி யாரிடமும் பேசாமல் வேலைக்குப் போய் வந்தாள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது பின்நிரையில் யாரோ சொன்னது நாகலெட்சுமியின் காதில் விழுந்தது: "சமைச்ச வூட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, தின்னுட்டுப் போனவங்களுக்கு மட்டுமாம்." கை கொழுந்தைக் கிள்ளியது, மனம் அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தது. சாம்பாரையும் பாயாசத்தையும் அவளும் சாப்பிட்டாள். வடையைச் செல்லசாமி சாப்பிட்டான். புளிக்குழம்பு ஒன்றுதான் வீட்டில் யார் வாயிலும் படவில்லை. அதில் என்ன இருந்தது? கத்தரிக்காய் தன் தோட்டத்தது. புளி போன மாதம் வாங்கியது, நேற்றும் ரசத்துக்குக் கரைத்தாள். மிஞ்சியது டவுனில் ஸுஹைர் முதலாளி கடையில் வாங்கிய எண்ணெய். ஆனால் அதே எண்ணெயில்தானே வடையும் பொரிந்தது? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது. மீனம்மாவோ சந்தேகமே இல்லாமல் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க லெச்சுமி கைப்பக்குவம் தெரியாதா? எல்லாம் அந்தக் கடை எண்ணெயாலதான்."

சம்பள நாளன்று நாகலெட்சுமி அக்கரப்பத்தனை டவுனுக்கு இறங்கி, நேராக ஸுஹைரின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். கடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸுஹைர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த டின்னுல இருந்துதான் எங்கட வீட்டுக்கும் எடுக்குறோம். எங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று அவருக்கும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி செரீபா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். "புள்ள, கொழம்ப எந்தச் சட்டியில ஆக்கின?"

"பித்தளைக் குண்டான்ல."

"உள்ளுக்கு வெள்ளையா இருந்திச்சா, மஞ்சளா இருந்திச்சா?"

"முன்னாடி வெள்ளையா இருந்திச்சு. இப்ப மஞ்சளாத் துலக்கி…"

"அந்த வெள்ளைதான் ஈயம். எங்கட பள்ளியில கந்தூரி விருந்துக்கு ஆக்குற சட்டிக்கெல்லாம் ஈயம் பூசாம நாங்க அடுப்புல ஏத்தமாட்டோம். ஈயம் போன பித்தளையில புளிய ஊத்தி வச்சா விஷம்தான் புள்ள. பாலும் சர்க்கரையும் வச்சா தெரியாது. புளி விடாது."

ஸுஹைரிடம் மன்னிப்புக் கேட்டாளா இல்லையா என்றுகூட அவளுக்கு அப்புறம் ஞாபகம் இல்லை. மேட்டில் ஏறும்போது யார்மேல் கோபப்படுவது என்று தேடினாள். ஆளே கிடைக்கவில்லை. மீனம்மாவா? தோலுரிந்த அந்த விரல்களா? சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வேறு யாராவது அந்தக் குண்டானை இரவல் வாங்கிப் புளிச்சோறு கிண்டினால்?

சொன்னாள். மீனம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "அழுக்கா இருந்தா வயித்தக் கெடுக்கும்னு சொல்லு, ஒத்துக்கிறேன். சுத்தமா இருந்தா எப்புடிடி கெடுக்கும்?"

இருவருமாகக் கொஞ்சம் புளியைக் கரைத்துக் குண்டானின் அடியில் ஊற்றி வைத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பார்த்தபோது தண்ணீரின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. மீனம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை வட்டகொடைக்குப் போறோம். குண்டானையும் தூக்கிட்டுத்தான் போறோம். வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா?"

பஸ்ஸில் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு மீனம்மா வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் கோயிலுக்கா என்று கேட்டார்கள்.

கதவைத் திறந்த பேச்சியம்மா, இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மாறாகக் கூனிக் குறுகி நின்றாள். "சண்டைக்கு வந்திருக்கீங்களா?" என்றாள்.

"நாங்க எதுக்குச் சண்டைக்கு வரப்போறோம்?" நாகலெட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இல்ல, ஒங்க ஊரு நடுறோட்டுல வாந்தி எடுத்து அசிங்கம் பண்ணிட்டு வந்துட்டோமே. அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வர்ற வழியிலேயே தலவாக்கலையில பழைய வடைய வாங்கித் தின்னோம். நான் அப்பவே வேணாமுன்னேன், பெரியவரு கேக்கல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தகவல் அனுப்புறது? குடிகாரக் கூட்டம்னு நெனச்சிருப்பீங்க."

நாகலெட்சுமியும் மீனம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியே திரும்பிப் போய்விட்டால் பழி அந்தக் கடை வடையோடு போய்விடும். நாகலெட்சுமியின் நாக்கு நுனிவரை அந்த ஆசை வந்தது. அதற்குள் மீனம்மா குண்டானைப் பேச்சியம்மாவின் காலடியில் வைத்துவிட்டாள்.

"வடை இல்லங்க. இதுதான். நான்தான் தேச்சேன்."

முழுக் கதையையும் கேட்டு முடித்த பேச்சியம்மா குண்டானுக்குள் விரலை விட்டுத் தடவினாள். அவள் முகம் எந்தப் பக்கம் போகும் என்று நாகலெட்சுமியால் கணிக்கவே முடியவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "பெரியவரே, பாவம் அந்த வடைக்கடைக்காரன். நீங்க போய்ப் போட்ட சண்டைக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

தேத்தண்ணி வந்தது. பேச்சியம்மா தன் தம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"பொண்ணப் புடிச்சிருக்கு. எம்மகன் அன்னைக்கே சொல்லிட்டான், வாந்தி எடுத்துக்கிட்டே சொன்னான். சித்திரையில வச்சிக்குவோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. கல்யாணச் சமையல நாங்க பாத்துக்குறோம்."

அது வேடிக்கையா, கண்டிப்பா, சம்மதமா, அவமானமா? நாகலெட்சுமி அவள் முகத்தையே பார்த்தாள். பேச்சியம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பக்கத்தில் மீனம்மா "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாகலெட்சுமியும் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். சீனி போட்டிருந்தார்களா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.